படகா, பயிற்சியாளரா: பதினைந்து லட்சம் எங்கே போக வேண்டும்?

எங்கள் கல்லூரி நண்பர்கள் அறுபது பேர் ஆளுக்கு 25,000 ரூபாய் போட்டு 15 லட்சம் சேர்த்திருக்கிறோம். படிப்பு முடித்து இருபத்தைந்து ஆண்டு ஆகிறது. ஓட்டலில் விருந்து வைத்து ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொள்வதைவிட, சென்னையில் துடுப்புப் படகு கற்க வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பணம் போகட்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே மனம். எந்த வழியில் போக வேண்டும் என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. படகு வாங்கித் தரலாம் என்கிறார்கள் பாதிப் பேர். அரசுப் பள்ளிகளுக்கு எர்கோ மெஷின், அதாவது தரையிலேயே துடுப்பு வலித்துப் பழகும் கருவி, வாங்கித் தரலாம் என்கிறார்கள் சிலர். திறமையுள்ள ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து ஒலிம்பிக் வரை கூடவே நிற்போம் என்கிறார் துபாயில் இருக்கும் நண்பர். பயிற்சியாளர் சம்பளம், பிள்ளைகளின் காலை உணவு, பஸ் செலவு என்று மூன்று ஆண்டுக்குப் பிரித்துக் கொடுப்போம் என்பது என் யோசனை. மாணவனாக இருந்தபோது அடையாற்றில் இரண்டு ஆண்டு துடுப்பு வலித்தவன் என்பதால் எல்லாவற்றையும் ஒப்பிட்டு எழுதும் பொறுப்பும் என்னிடம் வந்தது.

நான் ஒரு பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆனால் கணக்குப் போட்டு, பயிற்சியாளர்களிடம் விசாரித்து, மூன்று வாரம் விடியற்காலையில் கரையில் நின்று பார்த்த பிறகே சாய்ந்தேன். இதே போல் ஏதாவது விளையாட்டுக்குப் பணம் சேர்த்து வைத்துக்கொண்டு யோசிக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

நம் நாட்டில் துடுப்புப் படகுக்கு யார் வருகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். தத்து பபன் போகனல் நாசிக் மாவட்டத்தில் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பெயர்போன தலேகாவ் ரோஹி என்ற கிராமத்துக்காரர். தந்தையோடு கிணறு வெட்டும் கூலி வேலை பார்த்தவர். 2012-இல் ராணுவத்தில் சேர்ந்தார். அப்போது வயது 21. அதன் பிறகுதான் பந்தயப் படகில் ஏறினார். நான்கே ஆண்டுகளில், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவில் 13-ஆம் இடம். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் அணியில் தங்கம். அவருக்கு முன்பு 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்ற பஜ்ரங் லால் தாக்கர் ராணுவ வீரர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன பல்ராஜ் பன்வாரும் ராணுவ வீரர்தான்.

இந்தப் பட்டியலைப் பார்த்துப் பெருமைப்படுகிறேன். கூடவே கவலையும் வருகிறது. துடுப்புப் படகுக்கு நம் நாட்டில் பெரிய வாசல் ஒன்றுதான், அது ராணுவ முகாமின் வாசல். ஆலப்புழையில் இருப்பது போன்ற சில அரசுப் பயிற்சி மையங்களும் உண்டு, ஆனால் அவை எட்டுகிற பிள்ளைகள் மிகக் குறைவு. பதின்மூன்று வயதில் கையில் துடுப்பு கிடைத்திருக்க வேண்டிய பிள்ளைக்கு இருபத்தொரு வயதில் கிடைக்கிறது. சர்வதேச அளவில் ஜூனியர் பிரிவு 18 வயது முடிகிற ஆண்டோடு முடிந்துவிடும். அதாவது போகனல் தொடங்குவதற்கு முன்பே அவருடைய ஜூனியர் காலம் முடிந்திருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ராணுவம் அவருக்குக் கொடுத்தது என்ன? படகும்தான். ஆனால் படகுக்கு முன்னால் மூன்று வேளை வயிறாரச் சாப்பாடு, மாதம் பிறந்தால் சம்பளம், தினமும் தண்ணீரில் பார்த்துத் திருத்துகிற பயிற்சியாளர், ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கிற ஆள். எங்கள் பணத்தை எங்கே போடுவது என்று யோசிக்கும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இது.

சென்னையில் இந்த விளையாட்டுக்கு வயது அதிகம். மெட்ராஸ் போட் கிளப் 1867-இல் தொடங்கியது. கொழும்பு ரோயிங் கிளப்போடு அது மோதும் பந்தயம் 1898-இலிருந்து வருகிறது. ஒரு முறை இங்கே அடையாற்றில், ஒரு முறை கொழும்பில். கொழும்பில் பள்ளிகளுக்கு இடையிலேயே ரெகாட்டா என்ற படகுப் பந்தயம் நடக்கிறது. ராயல் கல்லூரியும் சென் தோமஸும் மோதுவதைப் பார்க்கப் பெற்றோர் கூட்டம் கூடும். இங்கே பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த விளையாட்டு அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை. அடையாற்றின் முகத்துவாரத்தில் ஒரு கரையில் சீனிவாசபுரம், மறுகரையில் ஊரூர் குப்பம். அலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். அவர்கள் வீட்டிலிருந்து சற்று மேலே, பாலத்தைத் தாண்டினால், பந்தயப் படகுகள் ஓடுகின்றன. பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்க்கும் அந்தப் பிள்ளைகளை நான் மாணவனாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிடத் தோன்றவில்லை என்பது இப்போது நினைத்தால் வலிக்கிறது.

படகு வாங்கித் தருவது

கொடுப்பவருக்கு நிறைவு தருவதில் இதற்கு இணையில்லை. பளபளவென்று படகு வரும், அதன் பக்கத்தில் பெயர் எழுதலாம், மாலை போட்டுத் தண்ணீரில் இறக்கலாம். படகு பத்து ஆண்டுக்கு மேல் உழைக்கும் என்பதும் உண்மைதான். எங்கள் குழுவில் இதற்குக் கை தூக்கியவர்கள் விளம்பரத்துக்காகத் தூக்கவில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய, யாரும் தின்றுவிட முடியாத பொருளாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். நன்கொடை கொடுத்து ஏமாந்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கிறது.

விலையைப் பார்ப்போம். நல்ல பந்தயப் படகுகள் ஜெர்மனியின் எம்பாகர், இத்தாலியின் பிலிப்பி, சீனாவின் ஸ்விப்ட் போன்ற நிறுவனங்களிலிருந்து வருகின்றன. தரமான புதிய ஒற்றையர் படகு ஒன்றின் விலையில் ஒரு கார் வாங்கிவிடலாம். எட்டுப் பேர் படகுக்கு எங்கள் 15 லட்சம் பக்கத்தில்கூட வராது. கப்பல் கூலி, சுங்கவரி தனி. எட்டுப் பேர் படகு கப்பல் கண்டெய்னரைவிட நீளம் என்பதால் துண்டுகளாகச் செய்து, இங்கே கொண்டுவந்து பூட்ட வேண்டியிருக்கும். ஆக எங்கள் பணத்துக்கு ஒரு புதிய ஒற்றையர் படகு, அல்லது கொஞ்சம் பழைய இருவர், நால்வர் படகு ஒன்றிரண்டு கிடைக்கும்.

ஒற்றையர் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோதான். 25 கிலோ அரிசிப் பையைவிட லேசு. அத்தனை லேசான பொருளுக்கு அத்தனை கவனிப்பு வேண்டும். பழக்கமில்லாதவர் கால் வைக்கக் கூடாத இடத்தில் வைத்தால் அடித்தட்டு உடைந்துவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் படகுக் கொட்டகைக்குப் போயிருந்தேன். பெயர் சொல்லத் தேவையில்லை. மேல் தட்டில் நால்வர் படகு ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கவாட்டில் தங்க நிற எழுத்தில் ஒரு முன்னாள் மாணவர் தன் தாயின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். துடுப்பைத் தாங்கும் இரும்புக் கைகளில் இரண்டைக் காணோம். இன்னொன்றில் நட்டு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. 10 எம்எம் ஸ்பேனர் போட்டுத் திருப்பினேன், அசையவில்லை. உட்கார்ந்து முன்னும் பின்னும் உருளும் இருக்கையின் சக்கரங்களில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. விரலால் தட்டியபோது படகு பழுத்த பலாப்பழம் போல் பொத்தென்று சத்தம் கொடுத்தது. காவலாளியிடம் கேட்டேன். வந்த முதல் ஆண்டு ஓட்டினார்கள், சொல்லிக்கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், அதோடு சரி என்றார். அந்தத் தாயின் பெயரில் இருந்த ஒரு எழுத்து உரிந்து தொங்கியது. அதை ஒட்டவைத்துவிட்டு வந்தேன்.

படகு கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கற்ற பிள்ளைகள் பன்னிரண்டு பேர், படகில் இடம் எட்டு என்ற நிலை வரும்போது படகுதான் கொடுக்க வேண்டும். நாங்கள் பார்த்த கிளப்பில் பிள்ளைகள் பழகுவதற்கேற்ற அகலமான படகுகள் வாரத்தில் நான்கு நாள் சும்மா கிடக்கின்றன. கற்பிக்க ஆள் இல்லாததால் கிடக்கின்றன.

பள்ளிகளுக்கு எர்கோ மெஷின்

இதை எளிதில் தள்ள முடியாது. படகில் செய்வதைத் தரையில் செய்ய வைக்கும் மெஷின் இது. சங்கிலியை இழுத்தால் விசிறிச் சக்கரம் சுற்றும்; எவ்வளவு வேகமாக, எத்தனை மீட்டர் போனீர்கள் என்று சிறிய திரை காட்டும். உலகமெங்கும் வீரர்களைத் தேர்ந்தெடுக்க இதில் 2000 மீட்டர் சோதனைதான் வைக்கிறார்கள். அமெரிக்காவிலேயே ஏறக்குறைய ஆயிரம் டாலர். இங்கே வரும்போது லட்சத்தைத் தாண்டுகிறது. எங்கள் பணத்துக்கு பத்து வரை வாங்கலாம். ஐந்து பள்ளிகளுக்கு இரண்டிரண்டு.

இதில் முங்கிப்போகும் பயம் இல்லை, வெயில் மழை பார்க்க வேண்டாம், ஆற்று நாற்றம் இல்லை. ஒரு படகில் ஆண்டுக்குப் பத்துப் பிள்ளை கற்றால் மெஷினில் இருநூறு பிள்ளை இழுத்துப் பார்க்கலாம். 2004-இல் தொடங்கிய லண்டன் யூத் ரோயிங் என்ற அமைப்பு இந்த வழியில்தான் பள்ளிக்குள் நுழைந்தது. படகையே பார்த்திராத பிள்ளைகளை முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் மெஷினில் உட்கார வைத்து, பிறகு தண்ணீருக்கு அழைத்துப் போகிறார்கள். ஆனால் அங்கே மெஷினோடு பயிற்சியாளரும் பள்ளிக்குப் போகிறார். மெஷினை இறக்கிவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வருவதல்ல அந்தத் திட்டம்.

மெஷினில் தவறாக இழுக்கக் கற்ற பிள்ளையைத் திருத்துவது கஷ்டம். முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில் கை. திரும்பும்போது கை, முதுகு, கால். இந்த வரிசை உடம்பில் ஊறும் வரை பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பையன்கள் கையால் மட்டும் வெடுக்கென்று இழுத்துப் போட்டி போடுவார்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும், தலைமையாசிரியர் மெஷினைப் பூட்டி வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

என் வரிசையில் இதற்கு இரண்டாம் இடம். இன்னும் பெரிய தொகை இருந்தால், பயிற்சியாளரோடு சேர்த்து இரண்டு மெஷின் வாங்கியிருப்பேன்.

ஒரே பிள்ளைக்கு உதவித்தொகை

துபாய் நண்பர் இதற்காக நெஞ்சு கனக்க வாதாடினார். அவருடைய அண்ணன் மாவட்ட அளவில் ஓடியவர். மாநிலப் போட்டிக்குப் போக ரயில் கட்டணம் இல்லாமல் நின்றுபோனவர். "பதினைந்து லட்சம் அப்போது வேண்டாம், நூற்றைம்பது ரூபாய் யாராவது கொடுத்திருந்தால் போதும்" என்று அவர் சொன்னபோது தொலைபேசியில் எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

அவர் சொல்வது முழுவதும் சரி. ஆனால் அந்த நூற்றைம்பது ரூபாய் தேவைப்பட்டபோது அவர் அண்ணன் ஏற்கெனவே ஓடத் தெரிந்தவர். ஓடுவதற்குத் தெரு போதும். துடுப்புப் படகில் ஒரு பிள்ளைக்குத் திறமை இருக்கிறதா என்று தெரிவதற்கே ஓராண்டு தண்ணீரில் இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கக்கூடிய நிலைக்கு ஒரு பிள்ளை வந்துவிட்டால் அதன் பிறகு உதவ ஓரளவுக்கு ஆள் இருக்கிறது; 2023-இல் தமிழக அரசு தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை போட்டிப் பயணத்துக்கும் கருவிகளுக்கும் உதவுகிறது, பொதுமக்களும் அதற்குப் பணம் தரலாம். அந்த நிலைக்கு முன்னால் இருக்கும் முதல் ஆண்டுக்குத்தான் ஒருவரும் இல்லை.

இது கூட்டு விளையாட்டு என்பது அடுத்த தடை. நால்வர் படகில் ஒருவனுக்கு மட்டும் மாதம் பணம் வந்தால் மற்ற மூவரின் கை கனத்துப்போகும். இந்த விளையாட்டில் நாலு பேரின் துடுப்பும் ஒரே கணத்தில் தண்ணீரைத் தொட வேண்டும். மனம் பிரிந்தால் துடுப்பும் பிரியும். எங்கள் காலத்தில் சின்னச் சண்டைக்கே ஒரு வாரம் படகு தள்ளாடியது நினைவிருக்கிறது.

ஆனாலும் அவருடைய வாதத்தால் என் திட்டம் ஓரிடத்தில் மாறியது. போட்டிப் பயணச் செலவு என்று ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டேன்.

நிரந்தர வைப்பில் போட்டு வட்டியைக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். 7 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,05,000 ரூபாய். ஒரு பயிற்சியாளரின் நான்கு மாதச் சம்பளத்தோடு தீர்ந்துவிடும்.

கரையில் நிற்கும் ஆளுக்கு

போன மாதம் அதே கிளப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். காலை ஐந்தே முக்கால். தரைக்காற்று மெல்ல அடித்தது, கடற்காற்று எழுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஆறு தகடு போல் கிடந்தது. சீனிவாசபுரத்திலிருந்து வந்த பையன், பதின்மூன்று வயதிருக்கும், அகலமான பழகு படகில் ஏறினான். மீன்பிடிக் குடும்பம். அப்பாவோடு கடலுக்குப் போய் வந்தவன். தண்ணீரைக் கண்டு துளியும் பயமில்லை. ஆனால் பத்து முறை துடுப்பு வலிப்பதற்குள் படகு கரையோர ஆகாயத்தாமரையில் போய்ச் சொருகியது. மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தார்கள், மறுபடி சொருகியது. அவனுக்கு அழுகை முட்டியது. கடலுக்குப் போகிறவன் எப்போதும் போகிற திசையைப் பார்ப்பான். இந்தப் படகில் போகிற திசைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். அவன் பிறந்ததிலிருந்து பழகிய எல்லாவற்றுக்கும் இது தலைகீழ்.

பயிற்சியாளர் கரையோரமாக நடந்தபடியே, "தம்பி, முன்னால் என்ன இருக்கிறது என்று தேடாதே. உனக்கு எதிரே, அந்தப் பாலத்துத் தூண் தெரிகிறதா? படகின் வால் முனை அந்தத் தூணைத் தொட்டபடியே இருக்கட்டும். அது நகராமல் இருந்தால் நீ நேராகப் போகிறாய்" என்றார். பையன் தூணைப் பார்த்தான். வலித்தான். படகு நேரே போனது. முப்பது, நாற்பது வலிப்பு. திரும்பி வந்து இறங்கியதும் உள்ளங்கையை விரித்துக் காட்டினான், இரண்டு கொப்புளம். பயிற்சியாளர் தன் கையை விரித்துக் காய்ப்புக் காய்த்த இடங்களைக் காட்டினார். ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தப் பயிற்சியாளருக்கு இது பகுதி நேர வேலை. ஒன்பது மணிக்கு வேறு வேலைக்குப் போக வேண்டும். வாரம் மூன்று நாள்தான் வர முடியும். பையன் அடுத்த செவ்வாய் வந்து நின்றபோது அவர் வரவில்லை; பையன் முக்கால் மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். இப்படி மூன்று முறை நடந்தால் நான்காம் முறை வருவானா?

சிகாகோவின் மேற்குப் பகுதியில் மேன்லி என்ற பள்ளி இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில், கும்பல் சண்டையும் வறுமையும் நிறைந்த அந்த இடத்தில், கென் ஆல்பார்ட் என்ற பங்கு வர்த்தகர் தன் பணத்தில் துடுப்புப் படகு அணியை உருவாக்க முன்வந்தார். பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் படகை வைத்து, வருகிறவர்களுக்கு பீட்சா கொடுத்து அழைத்தார்கள். அப்படி வந்த மாணவர்களில் ஒருவர் ஆர்ஷே கூப்பர். முழுவதும் கறுப்பின மாணவர்களால் ஆன அமெரிக்காவின் முதல் உயர்நிலைப் பள்ளி அணியின் தலைவரானார். இன்று தன்னைப் போன்ற பிள்ளைகளை இந்த விளையாட்டுக்குக் கொண்டுவருவதையே வேலையாகச் செய்கிறார். சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த படகு கண்ணை இழுத்தது, உண்மை. ஆனால் அவர்களை இருக்க வைத்தது பீட்சாவும், நீச்சல் கற்றுக்கொடுத்தவர்களும், தினமும் வந்து நின்ற பயிற்சியாளர்களும். நியூயார்க்கில் 2002-இல் பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ரோ நியூயார்க் அமைப்பும் இப்படித்தான்: துடுப்போடு நீச்சல், பள்ளிப் பாடத்துக்கு உதவி, கல்லூரி விண்ணப்பத்துக்குத் துணை.

கரையில் ஆள் நிற்பது உயிர் காக்கும் விஷயமும்கூட. 2022 மே மாதம் கொல்கத்தாவின் ரவீந்திர சரோவர் ஏரியில் பயிற்சியில் இருந்த பள்ளி மாணவர்களின் படகு திடீர்ப் புயல்காற்றில் கவிழ்ந்து இருவர் இறந்துபோனார்கள். கூடவே வரும் மீட்புப் படகு இல்லாமல் பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டது அதன் பிறகு பெரும் விவாதமானது. கவிழ்ந்த படகு மூழ்காது, அதை விட்டு நீந்திப் போகாதே, பிடித்துக்கொண்டு மிதந்திரு என்பது முதல் நாள் பாடம். அதைப் பத்து முறை சொல்லிப் பழக்கவும், மேகம் கறுப்பதைப் பார்த்துக் கரைக்கு அழைக்கவும், மோட்டார் படகில் பின்தொடரவும் சம்பளம் வாங்கும் பொறுப்பான ஆள் வேண்டும். பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கும் எந்தத் திட்டத்துக்கும் பணம் கொடுப்பதற்கு முன் மீட்புப் படகைக் கண்ணால் பாருங்கள். எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நான் சொன்னேன், இரண்டாவது இழுப்பில் ஓடியது.

கணக்கு

பயிற்சியாளர் ஒருவருக்கு மாதம் 25,000 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 9 லட்சம். பிள்ளைகள் பன்னிரண்டு பேர். ஆறு பெண், ஆறு ஆண். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 60 ரூபாய்: இரண்டு முட்டை, வாழைப்பழம், இட்லி, பஸ் கட்டணம். பெண் பிள்ளைகளுக்கு அரசு நகரப் பஸ் இலவசம் என்பதால் அந்த மிச்சத்தில் பால் கொடுத்துவிடலாம். மாதம் 24 நாள். வடகிழக்குப் பருவமழைக்கும் தேர்வுக்கும் சேர்த்து இரண்டு மாதம் விடுமுறை போக ஆண்டுக்குப் பத்து மாதம். இது ஆண்டுக்கு 1,72,800, மூன்று ஆண்டுக்கு 5,18,400. இரண்டையும் கூட்டினால் 14,18,400. மிச்சம் 81,600. அதில் நீச்சல் பயிற்சிக் கட்டணம், உயிர்காப்பு உடை, போக மிஞ்சியது போட்டிப் பயணத்துக்கு. படகும் மீட்புப் படகின் பெட்ரோலும் கிளப்பின் பொறுப்பு என்று எழுத்தில் கொடுக்கிறார்கள்.

பெண் பிள்ளைகள் பாதி என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ராணுவ வாசல் பெரும்பாலும் ஆண்களுக்கே திறந்த துறையில், தனியார் பணம் அந்தக் குறையையாவது சரி செய்ய வேண்டும். அதற்காக உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும், பயிற்சி நேரம் முழுவதும் ஒரு பெண் பொறுப்பாளர் இருக்க வேண்டும். பார்த்த இடத்தில் அறை இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். போட்ட பிறகு படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். காலாண்டுக்கு ஒரு முறை, வருகைப் பதிவேட்டைப் பார்த்த பிறகு. நான் பார்க்க விரும்புவது பதக்கப் பட்டியலை அல்ல. ஜனவரியில் வந்த பன்னிரண்டு பேரில் டிசம்பரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத்தான்.

வரி பற்றிக் கேட்டவர்களுக்கு: 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய கழிவு, பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான், அதுவும் பழைய வரித்திட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. வங்கி வழியே அனுப்புங்கள். சொந்த நிறுவனம் வைத்திருக்கும் இருவர் கவனத்துக்கு: கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ஒலிம்பிக் விளையாட்டுக்கான பயிற்சியும் இருக்கிறது, எனவே சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தும் தரலாம். வெளிநாட்டு நண்பர்களில் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள், துபாய், சிங்கப்பூர் எங்கிருந்தாலும், தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் தாராளமாக அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நால்வர் அனுப்பினால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும்; வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். வெளிநாட்டு நன்கொடை பெற மத்திய அரசின் பதிவு இல்லாத அறக்கட்டளை அதைத் தொடவே கூடாது. அந்த நால்வரின் ஒரு லட்சத்தை இப்போதைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சென்னையில் இருக்கும் நாங்கள் நான்கு பேர் கூடுதலாகப் போடுவதாகப் பேசியிருக்கிறோம். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது ஒரு மாதம் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கட்டும்.

வாக்கெடுப்பு ஞாயிறு இரவு எட்டு மணிக்கு. படகுக்கே வாக்களிக்கப் போகிறவர்கள் அதற்கு முன் ஒரு நாள் காலை ஐந்தே முக்காலுக்கு என்னோடு வாருங்கள். திங்கள், புதன், வெள்ளி வேண்டாம். அந்த மூன்று நாளும் பயிற்சியாளர் இருப்பார். செவ்வாயன்று வாருங்கள். கொட்டகையில் படகுகள் இருக்கும், படிக்கட்டில் அந்தப் பையன் இருக்கக்கூடும்.